சனகெரிப்பின் செருக்கும் எருசலேமின் நம்பிக்கையும்

பண்டை அரசர் தம் வெற்றிகளைத் தாமே பொறித்துவைப்பது வழக்கம். அவ்வழக்கத்தில் அசீரியப் பேரரசரை விஞ்சியோர் சிலரே. வென்ற நகரங்கள் இத்தனை, சிறைபிடித்த மக்கள் இத்தனையர், கவர்ந்த பொன் இவ்வளவு எனக் கணக்கன் ஏட்டிற் பதிவதுபோல அவர்கள் பதிவு செய்தனர். அவ்வகை ஏடுகளுள் ஒன்று, ஆறு முகங்கொண்ட சுடுமண் பட்டகமாக இலண்டனிலுள்ள பிரித்தானிய நூதனசாலையில் இருக்கின்றது. கி. மு. 705 முதல் 681 வரை ஆண்ட சனகெரிப் என்பானின் படையெடுப்புக்கள் அதிலே எழுதப்பெற்றுள்ளன. அவற்றுள் மூன்றாவது, கி. மு. 701இல் யூதா நாட்டின்மீது நிகழ்ந்தது. அப்படையெடுப்பைப்பற்றி எதிர்த்தரப்பினரான எபிரேயரும் விரிவாக எழுதி வைத்தனர். ஒரு முற்றுகையை முற்றுகையிட்டவன் வாயிலாகவும், உள்ளே இருந்தவர் வாயிலாகவும் அறியும் வாய்ப்பு அக்காலத்து வரலாற்றில் மிக அரிது.

இந்துக் கல்லூரியின் மலரில் எபிரேயர் கதை எதற்கு என வினவுவாரும் இருக்கலாம். பேர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழாக்கியபோது அவருக்குத் துணைநின்றவர் நல்லைநகர் ஆறுமுக நாவலர். பிறர் நூலைச் செவ்வையாகக் கற்றே தம் சமயத்தைக் காத்தவர் அவர் என்பதை நினைவூட்டுவதே அவ்வினாவிற்குப் போதிய விடையாகும்.

சனகெரிப்பின் தந்தை இரண்டாம் சார்கோன் கி. மு. 705இல் போர்க்களத்தில் மடிந்தான். அவன் உடலைத்தானும் மீட்க இயலவில்லை. மாமன்னன் ஒருவனுக்கு முறையான அடக்கமும் கிட்டாமற் போனமை அசீரியரை நடுங்கச் செய்தது. மகனோ தந்தை கட்டிய புதுத் தலைநகரைத் துறந்து நினிவேயிற் குடியேறினான். தன் சாசனங்களிலே தந்தையின் பெயரைக் குறிப்பதையும் பெரும்பாலும் தவிர்த்தான். அசீரியாவின் பிடி தளர்ந்ததென்றெண்ணிப் பபிலோன் முதல் நடுநிலக் கடற்கரை வரையுள்ள சிற்றரசர் பலர் திறை மறுத்தனர். யூதாவின் அரசன் எசேக்கியா அவர்களுள் ஒருவன்.

எசேக்கியா கண்மூடித்தனமாகக் கிளர்ந்தவன் அல்லன். முற்றுகை வரும் என்பதை அவன் அறிந்திருந்தான். நகருக்கு வெளியேயிருந்த ஊற்றின் நீரை மதிலுக்குட் கொணரப் பாறையைக் குடைந்து 533 மீற்றர் நீளமான சுரங்கம் ஒன்றை அமைப்பித்தான் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் முடிபு. இரு முனைகளிலிருந்தும் வெட்டிக்கொண்டு வந்தோர் நடுவே சந்தித்தனர். அச்சந்திப்பைக் கூறும் கல்வெட்டு 1880இற் கண்டெடுக்கப்பட்டது. இப்போது இசுதான்புல் நூதனசாலையில் உள்ளது. ஒருவர் குரலை மற்றவர் பாறையினூடாகக் கேட்டதையும், உளியும் உளியும் எதிர்ப்பட்டதையும் அது கூறுகின்றது. எஞ்சியுள்ள வரிகளில் அரசன் பெயர் ஓரிடத்தும் இல்லை. அசீரியப் பட்டகத்தைப் படித்த கையோடு இக்கல்வெட்டைப் படிப்போர்க்கு அது ஓர் ஆறுதல்.

மதிலும் வலுப்படுத்தப்பட்டது. 1970ஐ அடுத்த ஆண்டுகளில் எருசலேமின் பழைய நகர்ப்பகுதியை அகழ்ந்த பேராசிரியர் அவிகாத், ஏழு மீற்றர் அகலமான மதிலொன்றை வெளிப்படுத்தினார். மதில் செல்லும் வழியிலிருந்த வீடுகள் இடிக்கப்பட்டிருந்தன. இதனை ஈண்டுக் கூறுவதற்குக் காரணம் உண்டு. மதிலுக்காக வீடுகளை இடித்ததையும் நீரைத் தேக்கியதையும் அக்காலத்து ஞானியாகிய ஏசாயா தம் நூலிற் குறிப்பிட்டுக் கண்டிக்கின்றார். மதில் கட்டுவது தவறு என்பது அவர் கருத்தன்று. மதிலை நோக்கிய கண்கள் அதற்கு மேலுள்ள ஒருவனை நோக்கவில்லை என்பதே அவர் குறை. எகிப்தின் குதிரைகளையும் தேர்களையும் நம்பித் தூதனுப்பியதையும் அவர் அவ்வாறே கடிந்தார். பகைவனின் செருக்கைக் கண்டிப்பது எவர்க்கும் எளிது. முற்றுகைக்கு அஞ்சி நிற்கும் தன் நாட்டாரைப் பார்த்து இவ்வாறு கூறத் துணிவு வேண்டும்.

சனகெரிப் கடற்கரை வழியாக வந்தான். எகிப்தியரும் கூசியரும் அனுப்பிய துணைப்படையை எல்தெக்கே என்னுமிடத்தில் முறியடித்ததாகக் கூறுகின்றான். அதன்பின் யூதாவில் அரண்சூழ்ந்த நகரங்கள் 46ஐக் கைப்பற்றி, 200,150 பேரைக் கொண்டுசென்றதாகக் கணக்குக் காட்டுகின்றான். இத்தொகையை அறிஞர் பலர் மிகையெனக் கொள்வர். எனினும் நாடு பாழானதில் ஐயமில்லை. அந்நகரங்களுட் சிறந்தது லாகீஸ். அதன் வீழ்ச்சியை நினிவே அரண்மனையின் அறையொன்றில் சுவர் முழுதும் சிற்பமாகச் செதுக்குவித்தான். மண்மேடு எழுப்பி ஏறும் படையும், மதிலிலிருந்து தீப்பந்தம் எறிவோரும், மாட்டுவண்டியில் மூட்டைமுடிச்சுக்களுடன் ஊரைவிட்டு வெளியேறும் பெண்களும் குழந்தைகளும், உயிரோடு தோலுரிக்கப்படுவோரும் அதிலே காணப்படுகின்றனர். எல்லாவற்றையும் பார்த்தவண்ணம் அரசன் அரியணையில் அமர்ந்திருக்கின்றான். லாகீஸில் அவன் படை எழுப்பிய மண்மேட்டை இன்றும் காணலாம்.

லாகீஸிலிருந்து எருசலேமுக்கு அவன் அனுப்பிய ரப்சாக்கே என்னும் அதிகாரியின் பேச்சை விவிலியத்தின் அரசராகமம் விரித்துரைக்கின்றது. அரசாங்க மொழியாகிய அரமேயத்திற் பேசுமாறு யூத அதிகாரிகள் வேண்டினர். மதில்மேலிருந்த பொதுமக்களுக்கு விளங்கலாகாதென்பது அவர்கள் நோக்கம். அவனோ மக்கள் மொழியிலேயே உரத்த குரலிற் பேசினான். எகிப்தை நம்புவது முறிந்த நாணலை ஊன்றுகோலாகக் கொள்வதற்கு ஒப்பாகும் என்றான். குதிரை 2,000 இனாமாகத் தந்தாலும் ஏறிச் செலுத்த உங்களிடம் ஆளுண்டோ என்று நகைத்தான். இறுதியாக, எந்த நாட்டுத் தெய்வம் தன் நாட்டை அசீரிய வேந்தன் கையினின்று காத்தது, உங்கள் தெய்வம் மாத்திரம் காத்துவிடுமோ என வினவினான். எகிப்தைப்பற்றி அவன் சொன்னதும் ஏசாயா சொன்னதும் ஒன்றே. அந்த அளவிற்கு அவன் கூற்று உண்மை. இறுதி வினாவிலேதான் அவன் வழுக்கிவிட்டான்.

பின்னர் நிகழ்ந்ததைக் கூறுவதில் ஆவணங்கள் வேறுபடுகின்றன. கூட்டிலடைத்த பறவையைப்போல எசேக்கியாவை அவன் நகருள்ளே அடைத்துவைத்ததாகச் சனகெரிப் பெருமை பேசுகின்றான். நகரைப் பிடித்ததாக எங்கும் கூறவில்லை. 30 தாலந்து பொன்னும் 800 தாலந்து வெள்ளியும் திறையாகப் பெற்றதாகவும், அத்திறை தனக்குப் பின்னே நினிவேக்கு அனுப்பப்பட்டதாகவும் எழுதுகின்றான். நகர் வாயிலில் நின்று வாங்கவேண்டியதை ஊர் திரும்பியபின் பெற்றானெனில், அவன் திரும்பியது ஏன் என்ற வினா தானே எழுகின்றது. எபிரேய நூலும் திறையை மறைக்கவில்லை. எசேக்கியா பிழைபொறுக்க வேண்டியதையும், கோயிற் கதவுகளிலிருந்த பொற்றகட்டைப் பெயர்த்துக் கொடுத்ததையும் அது கூறுகின்றது. பொன்னின் அளவு ஆங்கும் 30 தாலந்தே. வெள்ளி மாத்திரம் 300. அதன்பின் ஓரிரவில் இறைவனின் தூதன் 185,000 பேரை மடிவித்தான் என்பது எபிரேயர் மரபு. ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டின் பின் எகிப்துக்குச் சென்ற கிரேக்க ஆசிரியர் எரோதோத்தசு வேறொரு கதை கேட்டார்: எகிப்தின் எல்லையிலே எலிக்கூட்டம் ஒன்று சனகெரிப்பின் படையினருடைய வில்நாணையும் அம்பறாத்தூணியையும் இரவோடிரவாகக் கடித்துப் போட்டதாம். எலி என்றதனால் கொள்ளைநோய் எனச் சிலர் ஊகிப்பர். திறை பெற்ற திருப்தியோடு மீண்டான் என்பாரும் உளர். இவற்றுள் ஒன்றை முடிந்த முடிபாகக் கொள்ளச் சான்று போதாது. எருசலேம் வீழவில்லை என்பது மாத்திரம் எல்லாத் தரப்பினர்க்கும் உடன்பாடு.

இப்பாடத்தை நான் நடத்தியபோது மாணவன் ஒருவன் எழுந்து வினவினான்: “சேர், அசீரிய அரசனும் தெய்வத்தை வணங்கினவன்தானே? அவனை எப்படித் தெய்வத்தை நம்பாதவன் எண்டு சொல்லுறது?” வினா நியாயமானது. உண்மையிலே சனகெரிப் நாத்திகன் அல்லன். அவன் சாசனங்கள் அசூர் என்னும் தெய்வத்தைப் போற்றுவன. ஒவ்வொரு வெற்றியும் அத்தெய்வத்தின் அருளால் வந்ததாகக் கூறுவன. பாட நூல்கள் எழுதுவதுபோல, தன் வலியை நம்பியவன் ஒருபுறம், கடவுளை நம்பியவன் மறுபுறம் என்று எளிதாகப் பிரித்துவிட முடியாது. அன்றைக்கு அம்மாணவனுக்கு நான் அளித்த விடை மழுப்பலானதே; இக்கட்டுரையை எழுத என்னைத் தூண்டியதும் அதுவே.

ரப்சாக்கேயின் பேச்சை மீண்டும் நோக்குக. வென்ற நாடுகளை எண்ணுபவன் அத்துடன் தோற்ற தெய்வங்களையும் எண்ணுகின்றான். படையின் வலிக்கேற்பத் தெய்வத்தின் வலியை அளப்பவன் வணங்குவது உண்மையிற் படையையே. அசூர் அவனுக்கு ஆண்டவன் அல்லன்; படைக்கு முன் செல்லும் கொடி. தேவாரம் ஓதும் நமக்கு இது புதிதன்று. சம்பந்தர் பதிகங்களில் எட்டாம் பாடல்தோறும் வரும் இராவணன் சிவபத்தனே. கயிலையைப் பெயர்க்கத் துணிந்த தோள்கள் அவன் பத்திக்குப் புறம்பாக வளர்ந்தவை என்று கொள்ளுதற்கு இல்லை.

செருக்கு இவ்விதம் பத்தியின் உடையிலே வருவதைச் சனகெரிப்பின் பிற்காலம் காட்டுகின்றது. மீண்டும் மீண்டும் கிளர்ந்த பபிலோனைக் கி. மு. 689இல் அவன் கைப்பற்றினான். அசீரியரும் போற்றிய புனித நகரம் அது. வீடுகளோடு கோயில்களையும் இடித்து, வாய்க்கால் வெட்டி நீரை அதன்மேற் பாய்ச்சியதாகத் தானே எழுதினான். எட்டாண்டுகளின் பின், கி. மு. 681இல், தன் மக்களாலேயே கொல்லப்பட்டான். தன் தெய்வத்தின் கோயிலில் வழிபடும்போது கொல்லப்பட்டான் என்கின்றது எபிரேய நூல். கொலைக்குக் காரணன் அர்த-முலிசு என்னும் மகன் என்பதை ஆப்பெழுத்துக் கடிதம் ஒன்றைக்கொண்டு சிமோ பர்போலா என்னும் அறிஞர் 1980இல் நிறுவினார். அடுத்து வந்த எசர்கதோன் பபிலோனை மீளக் கட்டினான். அந்நகர் 70 ஆண்டு பாழாய்க் கிடக்கவேண்டுமெனத் தெய்வம் விதித்ததாம்; பின்னர் இரங்கி, இலக்கத்தைத் தலைகீழாக்கி 11 ஆக்கிவிட்டதாம். ஆப்பெழுத்தில் 70ஐ முன்பின்னாக மாற்றினால் 11 ஆகும். தந்தை செய்ததை மகன் செப்பனிடும்போது, தந்தையின் பெயரைச் சொல்லாமலே சொல்லக் கண்ட வழி இது.

கி. மு. 612இல் மேதியரும் பபிலோனியரும் நினிவேயை அழித்தனர். லாகீஸ் சிற்பத்தில் அரியணையில் வீற்றிருக்கும் அரசனின் முகம் வேண்டுமென்றே சிதைக்கப்பட்டுள்ளது. அந்நாளிற் புகுந்த பகைவரின் கைவேலை என்பர். கி. மு. 401இல் கிரேக்கப் படையுடன் அவ்வழியே சென்ற செனோபோன், பாழ்மதில் ஒன்றைக் கண்டு வியந்து அதன் அளவையும் குறித்தார். அது மேதியர் வாழ்ந்த ஊர் என்றே எழுதினார். நினிவே என்னும் பெயரையோ அசீரியரையோ அங்கு அவர் குறிக்கவில்லை.

இக்கதையை இவ்விடத்தில் நிறுத்திவிடுவோர் பலர். எருசலேமுக்கு என்ன நேர்ந்தது என்பதே எனக்கு அதனினும் முக்கியமாகத் தோன்றுகின்றது.

எசேக்கியாவே, பபிலோனிலிருந்து வந்த தூதருக்குத் தன் பண்டகசாலை முழுவதையும் திறந்து காட்டிப் பெருமைப்பட்டான் என்றும், ஏசாயா அதற்காக அவனைக் கடிந்தார் என்றும் எபிரேய நூல் கூறுகின்றது. இது சிறு குற்றம். அடுத்த தலைமுறைகளில் பெரிய குற்றமொன்று வளர்ந்தது. 46 நகரங்கள் வீழ்ந்தும் எருசலேம் மாத்திரம் வீழாதது ஏன்? அங்கே இறைவன் கோயில் இருந்தது. ஆகவே அது என்றும் வீழாது. கி. மு. 701இல் உயிருக்கு மன்றாடியவர்களின் நம்பிக்கை, நூறாண்டில் அவர்கள் பேரர்க்குக் காணியுறுதிபோல ஆயிற்று. கி. மு. 609 அளவில் எரேமியா என்னும் ஞானி அக்கோயில் வாயிலிலே நின்று, ஏழையையும் அந்நியனையும் கைம்பெண்ணையும் ஒடுக்கிக்கொண்டு கோயில் இருக்கின்றது, கோயில் இருக்கின்றது என்று சொல்லிக்கொண்டிருப்பது பயன்தராது என்றார். முன்னே கோயிலிருந்து பாழான சீலோவைப் போய்ப் பாருங்கள் என்றார். குருமார் அவரைக் கொல்லவேண்டுமென்றனர். அப்போது முதியோர் சிலர் எழுந்து, எசேக்கியாவின் நாளிலே மீகா என்பாரும் இந்நகர் மண்மேடாகும் என்று கூறினார். அரசன் அவரைக் கொல்லவில்லை, இறைவனுக்கு அஞ்சினான் என்று நினைவூட்டினர். எரேமியா உயிர் தப்பினார். எசேக்கியாவின் முற்றுகையிலிருந்து மதில்கள் வீழா என்பதைக் கற்றோர் பலர். அரசன் அஞ்சினான் என்பதை நினைவில் வைத்திருந்தோர் இம்முதியோர் போன்ற சிலரே.

கி. மு. 597இல் பபிலோனிய வேந்தன் நேபுகாத்நேச்சாரிடம் நகர் பணிந்தது. மீண்டும் கிளர்ந்தது, மீண்டும் எகிப்தை நம்பியது. கி. மு. 586இல் (587 என்பாரும் உளர்) மதிலும் கோயிலும் தீக்கிரையாயின.

அந்த இறுதி நாட்களை அறிவிக்கும் மட்பாண்ட ஓடுகள் சில, மையினால் எழுதப்பட்ட கடிதங்களாக, 1935இல் லாகீஸ் நகரவாயிலை அகழ்ந்தபோது கிடைத்தன. சனகெரிப் சுவரிற் செதுக்குவித்த அதே லாகீஸ்தான்; மீளக் கட்டப்பட்டிருந்தது. ஓர் ஓட்டிலே, வெளிக்காவலிலிருந்த வீரன் ஒருவன் தன் தலைவனுக்கு அறிவிக்கின்றான்: லாகீஸின் தீக்குறியை நோக்கிக் காத்திருக்கின்றோம், அசெக்காவின் தீயைக் காண இயலவில்லை.