லேண்ட் குரூசர் 80 முன்சக்கரத் தாங்கி மாற்றுதல்

சக்கரத் தாங்கி மாற்றுதல் என்பது, தேய்ந்துபோன தாங்கிகளை அகற்றிப் புதியவற்றைப் பொருத்தி, அவற்றை உரிய இறுக்கத்தில் அமைக்கும் பராமரிப்புப் பணி ஆகும். தாங்கி பட்டறை வழக்கில் பேரிங் எனப்படுகிறது. 1990ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த டொயோட்டா லேண்ட் குரூசர் 80 வகை நான்கு சக்கர இயக்க ஊர்தியின் முன்சக்கரங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை அப்பணியை விளக்குகிறது. இன்றைய மகிழுந்துகள் பெரும்பாலானவற்றில் தாங்கி மூடிய ஒற்றை அலகாக வருவதால், அதன் இறுக்கம் தொழிற்சாலையிலேயே அமைக்கப்பட்டுவிடுகிறது. இவ்வகைப் பழைய ஊர்திகளில் பொருத்துபவரே அதனை அமைக்க வேண்டும். எனவே புதிய தாங்கியின் ஆயுள், அதன் தரத்தை மட்டுமன்றி, நட்டு முடுக்கப்படும் அளவையும் பொறுத்தது.

அமைப்பு

80 வகையின் முன் அச்சு, இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே உறுதியான உறையைக் கொண்டது. அதன் இரு முனைகளிலும் சக்கரத்தைத் திருப்புவதற்கான மூட்டுகள் உள்ளன. மூட்டில் போல்ட்டுகளால் பிணைக்கப்பட்ட உள்ளீடற்ற எஃகுக் குழல் ஸ்பிண்டில் எனப்படும். இதனுள்ளே செல்லும் அச்சுத்தண்டு சக்கரத்தைச் சுழற்ற மட்டுமே பயன்படுகிறது. ஊர்தியின் எடையைச் சுமப்பவை, ஸ்பிண்டிலுக்கும் சக்கரக் குடத்துக்கும் இடையே உள்ள உள்தாங்கி, வெளித்தாங்கி ஆகிய இரண்டுமே.

இவை கூம்புருளைத் தாங்கிகள். ஐக்கிய அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் வண்டிகள் செய்துவந்த ஹென்றி டிம்கென், ரெஜினால்டு ஹைன்செல்மனுடன் சேர்ந்து 1898இல் இவ்வகைத் தாங்கிக்குக் காப்புரிமம் பெற்றார். உள்வளையம், வெளிவளையம், கூம்பு வடிவ உருளைகள், அவற்றை இடைவெளி விட்டு நிறுத்தும் கூண்டு ஆகியவை இதன் உறுப்புகள். உருளைகளின் பரப்புகளை நீட்டி வரைந்தால், அவை சுழலச்சின் ஒரே புள்ளியில் சந்திக்கும். இதனால் உருளைகள் வழுக்காமல் உருள்கின்றன. எடையையும், வளைவில் திரும்பும்போது உண்டாகும் பக்கவாட்டு விசையையும் ஒருசேரத் தாங்குகின்றன. பக்கவாட்டு விசையை ஒரு தாங்கி ஒரு திசையில் மட்டுமே தாங்குமாதலால், இரண்டு தாங்கிகள் எதிரெதிராக வைக்கப்பட்டு, ஒரே நட்டால் அழுத்தப்படுகின்றன.

தேய்வுக்கான காரணங்கள்

* நீர்: ஓட்டத்தில் சூடேறிய குடம் ஆற்று நீரில் இறங்கும்போது சட்டெனக் குளிர்கிறது. உள்ளிருக்கும் காற்று சுருங்குவதால், நீர் ஆயில் சீலைத் தாண்டி உள்ளே இழுக்கப்படுகிறது. நீர் கலந்த கிரீஸ் பால்போல வெளுத்துக் காணப்படும்.
* எண்ணெய்க் கசிவு: அச்சு உறையின் உள் சீல் பழுதடைந்தால், டிஃபரென்சியல் எண்ணெய் மூட்டினுள் கசிந்து, ஸ்பிண்டில் வழியாகத் தாங்கிகளை அடைந்து கிரீசைக் கரைக்கிறது. அந்தச் சீலை மாற்றாமல் தாங்கியை மட்டும் மாற்றினால் பழுது மீண்டும் வரும்.
* தவறான இறுக்கம்: மிகுந்த இறுக்கத்தில் வெப்பம் ஏறி, கிரீஸ் உருகி வெளியேறி, உருளைகள் நீலம் பாய்கின்றன. மிகுந்த தளர்ச்சியில் சில உருளைகள் மட்டுமே எடையைச் சுமப்பதால், அவற்றின் பரப்பு செதில் செதிலாகப் பெயர்கிறது.

அறிகுறிகள்

வேகத்துடன் கூடும் உறுமல் ஒலி முதல் அறிகுறியாகும். டயரும் இதுபோன்று ஒலிக்கக்கூடும். இடப்பக்கம் திரும்பும்போது எடை வலச் சக்கரத்துக்கு மாறுவதால், அப்போது ஒலி கூடினால் வலத் தாங்கியை ஐயுறலாம்.

சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்தி, மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்துப் பார்ப்பது அடுத்த சோதனை. ஆட்டம் தெரிந்தால், ஒருவர் பிரேக்கை மிதித்திருக்க மீண்டும் அசைக்க வேண்டும். ஆட்டம் மறைந்தால் பழுது சக்கரத் தாங்கியில் உள்ளது. மறையாவிட்டால் மூட்டின் தாங்கிகளில் இருக்கக்கூடும்.

ஆடும் சக்கரம் பிரேக் தட்டையும் ஆட்டுவதால், பிரேக் கட்டைகள் பின்னுக்குத் தள்ளப்பட்டு மிதி ஆழமாக இறங்கலாம். பழுதைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால், உள்வளையம் ஸ்பிண்டிலின் மீதே சுழன்று அதனை அரித்துவிடும். முற்றிய நிலையில் சக்கரம் இறுகி நிற்கவோ கழன்றுவிடவோ நேரலாம்.

கழற்றும் முறை

# ஊர்தியைச் சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன் அச்சை உயர்த்தி ஸ்டாண்டின் மீது அமர்த்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யலாகாது.
# சக்கரத்தைக் கழற்றிய பின், பிரேக் காலிப்பரைப் பிரித்துக் கம்பியால் கட்டித் தொங்கவிட வேண்டும். அது பிரேக் குழாயில் தொங்கக் கூடாது.
# தூசி மூடியையும் அச்சுத்தண்டின் கவ்வு வளையத்தையும் எடுக்க வேண்டும். பின்னர் இயக்குத் தட்டின் நட்டுகளைத் தளர்த்தி, பித்தளைக் கம்பியால் தட்டிக் கூம்பு வாஷர்களை விடுவித்துத் தட்டை எடுக்க வேண்டும். தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கர இயக்கம் பெறும் வகைகளில், இத்தட்டின் இடத்தில் பூட்டுக் குடம் இருக்கும்.
# பூட்டு வாஷரின் மடிப்பை நிமிர்த்தி, 54 மில்லிமீட்டர் சாக்கெட்டால் பூட்டு நட்டைக் கழற்ற வேண்டும். உளியும் சுத்தியலும் கொண்டு கழற்றினால் நட்டு சிதைவதுடன், இறுக்கத்தை அளந்து அமைக்கவும் இயலாது.
# பூட்டு வாஷர், சரிசெய் நட்டு, தட்டை வாஷர் ஆகியவற்றை எடுத்தபின், வெளித்தாங்கி கீழே விழாமல் கட்டைவிரலால் தாங்கியபடி குடத்தை வெளியே இழுக்க வேண்டும்.

புதியவற்றைப் பொருத்துதல்

ஆயில் சீலை நெம்பி எடுத்து, உள்தாங்கியை நீக்கிய பின், குடத்தினுள் இறுகியிருக்கும் வெளிவளையங்களைப் பித்தளைக் கம்பியால் சுற்றிச் சுற்றித் தட்டி வெளியேற்ற வேண்டும். பழைய வெளிவளையத்தில் புதிய உருளைகளை ஓடவிடக் கூடாது. பழைய தடத்தின் குழிகள் புதிய உருளைகளையும் கெடுக்கும். புதிய வளையம் அடிவரை அமர்ந்ததும், தட்டும் ஒலி கனத்து மாறுவதைக் கேட்கலாம். ஸ்பிண்டிலில் ஆழமான கீறலோ நீலம் பாய்ந்த நிறமோ இருப்பின் அதனையும் மாற்ற வேண்டும்.

லித்தியம் வகைக் கிரீசை உள்ளங்கையில் வைத்து, தாங்கியின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி, மறுபக்கத்தில் உருளைகளின் இடையே கிரீஸ் பிதுங்கும் வரை நிரப்ப வேண்டும். பின்னர் உள்தாங்கியையும் புதிய சீலையும் குடத்தில் அமைத்து, குடத்தை ஸ்பிண்டிலில் ஏற்றி, வெளித்தாங்கி, தட்டை வாஷர், சரிசெய் நட்டு ஆகியவற்றை வரிசையாகப் பொருத்த வேண்டும்.

இறுக்கத்தை அமைத்தல்

# சரிசெய் நட்டை 59 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முடுக்கி, குடத்தை இருபுறமும் சிலமுறை சுழற்றி, மீண்டும் அதே அளவுக்கு முடுக்க வேண்டும். இதனால் உருளைகள் தம் இருப்பிடத்தில் அமர்கின்றன.
# கையால் திருப்பத்தக்க அளவுக்கு நட்டைத் தளர்த்தி, மீண்டும் 5.4 நியூட்டன் மீட்டர் அளவுக்கு மட்டும் முடுக்க வேண்டும்.
# சக்கர போல்ட் ஒன்றில் வில் தராசை மாட்டி இழுத்துப் பார்க்க வேண்டும். குடம் சுழலத் தொடங்கும் விசை 28 முதல் 56 நியூட்டன் வரை இருத்தல் வேண்டும்.
# புதிய பூட்டு வாஷரை இட்டு, பூட்டு நட்டை 64 நியூட்டன் மீட்டருக்கு முடுக்க வேண்டும். இம்முடுக்கம் முன்னைய அளவை மாற்றக்கூடுமாதலால், வில் தராசால் மறுபடியும் அளக்க வேண்டும்.
# வாஷரின் ஒரு மடிப்பை உட்புறமாகவும் மற்றொன்றை வெளிப்புறமாகவும் வளைத்து, இரு நட்டுகளையும் பூட்ட வேண்டும்.

இவ்வளவுகள் 80 வகைக்கு உரியவை. பிற ஊர்திகளில் முறையே வேறுபடலாம். லேண்ட் ரோவர் டிஃபெண்டரின் இரட்டை நட்டு வகையில், விசைக்கு மாறாக 0.05 முதல் 0.10 மில்லிமீட்டர் வரையான சிறு இடைவெளி அளக்கப்படுகிறது. எனவே அந்தந்த ஊர்தியின் பழுதுபார்ப்புக் கையேட்டைப் பின்பற்றுதல் இன்றியமையாதது.

பிந்தைய சோதனை

ஊர்தியை நகர்த்துமுன் பிரேக்கைப் பலமுறை மிதித்து, மிதி உறுதியாக நிற்பதை உறுதிசெய்ய வேண்டும். சிறிது தொலைவு ஓட்டிய பின் இரு குடங்களின் வெப்பத்தையும் ஒப்பிட வேண்டும். இளஞ்சூடு இயல்பானது; ஒன்று மட்டும் கை வைக்க இயலாதபடி சுட்டால், தாங்கி மிகையாக இறுகியிருக்கலாம், அல்லது பிரேக் பிடித்துக்கொண்டிருக்கலாம். புதிய வளையங்கள் ஓட்டத்தில் மேலும் அமர்ந்து இறுக்கம் குறையக்கூடும். ஆதலால் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் சக்கரத்தை மீண்டும் உயர்த்தி ஆட்டம் பார்ப்பது நல்லது.