காரோடு வந்த அடுப்பு

1908-ல் ஃபோர்டு நிறுவனம் மாடல் டி காரை வெளியிட்டது. விலை குறையக் குறைய, அமெரிக்காவில் நடுத்தரக் குடும்பங்களும் கார் வாங்கின. விடுமுறைக்குக் காரில் கிளம்பி, போகும் வழியில் கூடாரம் அடித்துத் தங்குவது 1920-களில் பெரிய மோகமாயிற்று. ஆனால் காய்ந்த விறகு கிடைக்காத இடத்தில் சமைப்பது எப்படி?

கன்சாஸ் மாநிலத்தில் விளக்குகள் தயாரித்து வந்த கோல்மன் நிறுவனம் 1923-ல் விடை தந்தது. பெட்டி போல மடித்துக் காரில் வைக்கக்கூடிய பெட்ரோல் அடுப்பு அது. தொட்டியில் எரிபொருள் ஊற்றி, கையால் பம்ப் அடித்து அழுத்தம் ஏற்ற வேண்டும். மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ்வில் காபி போட்ட நம் வீடுகளுக்குப் பழக்கமான வேலைதான்.

பின்னாளில் புரோப்பேன் அடுப்பு வந்ததும் அந்த வேலை ஒழிந்தது. புரோப்பேன் மைனஸ் 42 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகும். எனவே குளிர்காலத்திலும் சிலிண்டரில் அழுத்தம் இருக்கும். குமிழைத் திருகிப் பற்ற வைத்தால் போதும். ஒரு பர்னரில் சோறு, இன்னொன்றில் குழம்பு!

இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. பழைய தொட்டியை எத்தனை முறை வேண்டுமானாலும் நிரப்பலாம். 465 கிராம் புரோப்பேன் சிலிண்டர்களோ பெரும்பாலும் ஒரே முறைதான், தீர்ந்தால் குப்பை. மிச்ச வாயு இருந்தால் குப்பை அள்ளுபவர்களுக்கும் ஆபத்து. அதனால்தான் 2028 முதல் இவற்றின் விற்பனையைத் தடை செய்யும் சட்டத்தை 2024-ல் கலிபோர்னியா இயற்றியது.

ஆகவே இரட்டை அடுப்பை மதிப்பிடுபவர் தீயின் வேகத்தோடு, திரும்ப நிரப்பும் சிலிண்டரை அதில் பொருத்த முடியுமா என்பதையும் பார்க்க வேண்டும்.