காரீயக் கிடங்குப் பெண்கள்

எமது பழைய மாணவிகள் சங்கம் நூற்றாண்டு விழாக் காணும் இவ்வேளையில், அது தொடங்கிய காலத்துக் கொழும்பையும் நினைத்துப் பார்ப்பது பொருத்தமாகும். நாம் படித்த இந்நகரத்தில் அன்று எமது வயதுச் சிறுமியர் பலர் பாடசாலை வாசலையே மிதித்ததில்லை.

1875 இல் கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பத்தாண்டுகளில் அது நிறைவுற, அதுவரை காலிக்குச் சென்ற கப்பல்கள் இங்கு வரத் தொடங்கின. 1871 இல் ஓர் இலட்சத்துக்குச் சற்றுக் குறைவாயிருந்த நகரச் சனத்தொகை 1921 இல் இரண்டரை இலட்சத்தை நெருங்கியது. கிராமங்களிலிருந்து வந்த சிங்களவரும், தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழரும் மலையாளிகளும் நகரத்துத் தோட்டங்களில் குடியேறினர். தோட்டம் என்பது இங்கே தேயிலைத் தோட்டமன்று. ஒற்றை அறை வீடுகள் நெருங்கி நிற்க, பல குடும்பங்கள் ஒரே குழாயடியில் தண்ணீர் பிடித்த குடியிருப்பு.

ஆண்கள் கப்பல்களுக்கு நிலக்கரி சுமந்தனர், மாட்டுவண்டி ஓட்டினர், புகையிரத வேலைத்தளங்களில் உழைத்தனர். 1893 இல் அச்சுத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தமும், 1923 இன் பொது வேலைநிறுத்தமும், அதை நடத்திய ஏ. ஈ. குணசிங்கவின் பெயரும் வரலாற்று நூல்களில் உள்ளன. பெண்களின் உழைப்புக்கு அவற்றில் கிடைத்த இடம் மிகச் சிறிது.

கோப்பிக் காலத்தில், மலைநாட்டிலிருந்து வந்த கொட்டைகளைக் கொழும்புக் கிடங்குகளில் தெரிந்து பிரித்தவர்கள் பெண்களே. இலைநோயால் கோப்பி அழிந்தது. காரீயக் கிடங்குகளிலும் பெண்கள் வேலை செய்தனர். சுரங்கங்களிலிருந்து வந்த காரீயத்தைச் சலித்து, கையால் தேய்த்து மெருகேற்றி, தரம் பிரித்தனர். பீப்பாய்களில் அடைக்கப்பட்டு அது கப்பலேறியது. மாலையில் வீடு திரும்பியபோது அவர்களது கையும் முகமும் சேலையும் கருமையாக மினுங்கின. முதலாம் உலகப் போரின்போது, உலோகம் உருக்கும் மூசைகள் செய்வதற்குக் காரீயம் பெருமளவில் தேவைப்பட்டது. போர் முடிந்ததும் வியாபாரம் சரிந்தது. நாட்கூலியை நம்பியிருந்தவர்களின் அடுப்பும் அணைந்தது.

பென்சிலின் கருங்குச்சியும் காரீயமே. அதைத் தேய்த்த பெண்ணின் மகளுக்குப் பென்சில் பிடிக்க வாய்ப்பு அரிது. ஆங்கிலப் பாடசாலைகளுக்குக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. 1931 இல் சர்வசன வாக்குரிமையும், 1945 இல் இலவசக் கல்வியும் வந்த பின்னரே அந்தக் கதவு மெல்லத் திறந்தது.

எமது கல்லூரியின் இடாப்பில் நம் ஒவ்வொருவர் பெயரும் இருக்கிறது. அந்தப் பெண்களின் பெயர்களைத் தாங்கிய இடாப்பு எதுவுமில்லை. ஆயினும் அவர்களின் பேத்திகளும் பூட்டிகளும் நம்மிடையே இருக்கக்கூடும். உலகின் எப்பகுதியில் வாழ்ந்தாலும், அன்புச் சகோதரிகளே, உங்கள் அம்மம்மாவோ அப்பம்மாவோ செய்த வேலையைக் கேட்டறிந்து எழுதி வையுங்கள். அவர்களின் பெயரையும் மறவாமல் எழுதுங்கள்.