பிரவுன் தாளில் ஒரு பொங்கல் பானை



நேற்று பேத்தி கறுப்பு அட்டையில் பொங்கல் வாழ்த்து செய்துகொண்டிருந்தாள். மஞ்சள் பென்சிலால் அழுத்தி அழுத்தித் தீட்டியும் பானை தெரியவே இல்லை. "முதல்ல வெள்ளை பெயிண்டை அடிம்மா. காய்ஞ்சதும் அதுமேல மஞ்சளைப் போடு" என்றேன். பளிச்சென்று வந்துவிட்டது. "யார் தாத்தா சொல்லிக் கொடுத்தா?" என்றாள். "என்கிட்ட படிச்ச பையன்" என்றேன்.

அவன் கதைக்கு முன்னால் கொஞ்சம் சரித்திரம். வாத்தியார் புத்தி விடாதே!

கலர் பென்சிலின் நிறம் மெல்லியது. வெள்ளைத் தாளில் ஒளி அதை ஊடுருவித் தாளில் பட்டுத் திரும்புவதால் நிறம் பிரகாசிக்கிறது. கறுப்புத் தாள் அந்த ஒளியை விழுங்கிவிடும். அதனால்தான் அடியில் ஒரு வெள்ளை வேண்டும்.

இது நம் பக்கத்துக்குப் புதிதல்ல. உங்களில் பலரைச் சுற்றுலா அழைத்துப் போனேனே, புதுக்கோட்டைக்கு அருகே சித்தன்னவாசல், அங்கே கூரையில் தாமரைக் குளம் பார்த்தோம். மீன், யானை, பூப்பறிக்கும் ஆட்கள் எல்லாம் நேரே பாறையில் தீட்டியவை அல்ல. பாறைமேல் சுண்ணாம்புச் சாந்து பூசி, வெள்ளையடித்து, அதன்மேல்தான் வண்ணம். 9-ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அந்தக் குகைக்கோயிலைப் புதுப்பித்ததாக அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. தஞ்சாவூர் ஓவியத்திலும் பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் கலந்த வெள்ளையைப் பூசிய பிறகே வண்ணம் தீட்டுவார்கள்.

ஐரோப்பாவில் வெள்ளையை வேறு விதமாகவும் பயன்படுத்தினார்கள். ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1508-இல் கூப்பிய கைகளை நீலத் தாளில் வரைந்தார். ஒளி படும் இடங்களில் மட்டும் வெள்ளை. இடைப்பட்ட நிறத்தைத் தாளின் நீலமே பார்த்துக்கொண்டது. வாழ்த்து அட்டைக்கும் கைவண்ணம் பழைய சொந்தம்தான். 1843-இல் லண்டனில் ஹென்றி கோல் வெளியிட்ட கிறிஸ்துமஸ் அட்டையை அச்சடித்த பிறகு கையால்தான் வண்ணம் தீட்டினார்கள்.

இனி என் மாணவன். 1986 மார்கழிக் கடைசி. எல்லோரையும் பொங்கல் வாழ்த்து செய்து வரச் சொன்னேன். வெள்ளைச் சார்ட் வாங்கி மற்றவர்கள் செய்தார்கள். அவன் கொண்டு வந்தது நோட்டுக்குப் போட்ட பழைய பிரவுன் அட்டை. அதில் பானை, கரும்பு, சூரியன். "நல்ல தாள் கிடைக்கலையா?" என்று கேட்டு ஓரமாக வைத்துவிட்டேன். வகுப்பு சிரித்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் அட்டைகளை அடுக்கும்போதுதான் கவனித்தேன். எல்லாவற்றையும்விட அவனுடையதுதான் கண்ணைப் பறித்தது. மறுநாள் கூப்பிட்டுக் கேட்டேன். "வீட்டுக்கு வெள்ளையடிச்ச சுண்ணாம்பு மிச்சம் இருந்துச்சு சார். பசை கலந்து முதல்ல அதைத் தடவினேன்" என்றான்.

சித்தன்னவாசலைப் பாடமாக நடத்திய எனக்கு அது தோன்றவில்லை. அவன் வகுப்பில் இல்லாத நேரம் பார்த்துத்தான் அந்த அட்டையைச் சுவரில் மாட்டினேன். எல்லோர் முன்னும் கேலி செய்தவன், எல்லோர் முன்னும் பாராட்டியிருக்க வேண்டும்.

தம்பி, இதைப் படித்தால் வாத்தியாரை மன்னித்துவிடு. பேத்தி செய்த அட்டை உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன். முகவரி மட்டும் அனுப்பு.