டயலிசிஸ் குழாயும் குழந்தையின் நாளமும்

சிறுநீரகம் செயலிழந்தவரின் இரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்திகரிக்கும் டயலிசிஸ் இயந்திரம் வந்த பிறகும், அதை நாளத்தோடு இணைக்கும் வழி மருத்துவத்துக்கு எளிதில் கைகூடவில்லை. நெதர்லாந்தில் 1943-இல் வில்லம் கொல்ஃப் சிகிச்சை அளித்த இளம்பெண்ணுக்கு ஒவ்வொரு தடவையும் புதிதாக நாளத்தைக் கீற வேண்டியிருந்தது. பன்னிரண்டு தடவையோடு கீறுவதற்கு நாளம் மிஞ்சவில்லை. இயந்திரம் ஓடியும் அவர் பிழைக்கவில்லை. 1960-இல் சியாற்றிலில் பெல்டிங் ஸ்கிரிப்னர் டெஃப்ளோன் குழாயைக் கையிலேயே நிலையாகப் பொருத்தினார். அது தோலைத் துளைத்து நின்ற இடத்தில் சீழ் பிடிப்பது ஓயாத தொல்லையாயிற்று. 1966-இல் நியூயோர்க்கில் பிரெஷியா, சிமினோ குழுவினர் தமனியையும் நாளத்தையும் தோலுக்கு அடியிலேயே இணைத்தனர். வெளியே நீட்டி நிற்கும் குழாய் இல்லாததால் தொற்று வெகுவாகக் குறைந்தது.

இந்த ஆறுதல் சிறு குழந்தைகளுக்கு எட்டவில்லை. பத்துக் கிலோ எடையுள்ள பிள்ளையின் கைத் தமனி அந்த அறுவைக்கு மிகவும் ஒடுக்கமானது. வயிற்றுவழிச் சுத்திகரிப்பு இயலாதபோது, கழுத்து நாளத்தின் வழியே இதயத்தின் மேலறை வரை செல்லும் கதீற்றர் என்னும் குழாயே கதி. இந்தியாவில் பிறந்து சிகாகோவில் பணியாற்றிய சக்காராம் மஹூர்க்கர் 1980களில் உருவாக்கிய இருவழிக் கதீற்றர் பரவலானது. குழாயைத் தோலுக்கடியில் சிறிது தூரம் செலுத்தி, அதிலுள்ள டக்ரோன் பட்டையைச் சுற்றி இழையம் வளரவிடும் முறையும் அதே பத்தாண்டில் நிலைபெற்றது. தோலிலிருந்து உள்ளே ஊரும் கிருமிக்கு அந்தப் பட்டை தடையானது. குழாயின் வெளிமுனை மூடியின் வழியே புகும் கிருமிக்கு அது தடையாகவில்லை. வாரம் மூன்று தடவை, இரண்டு மூடிகள், இணைக்கும்போதும் கழற்றும்போதும் திறப்பு என்று கணக்கிட்டால், ஆண்டுக்கு 600 தடவைக்கு மேல் அந்த வாசல் திறக்கிறது. உள்ளே போன ஸ்டஃபைலோகொக்கஸ் கிருமி குழாயின் உட்சுவரில் படலமாகப் படிந்துவிடும். இயந்திரம் ஓடத் தொடங்கிச் சற்று நேரத்தில் பிள்ளை குளிரில் நடுங்கிக் காய்ச்சல் கண்டால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்தப் படலத்தைத்தான். பல வேளைகளில் மருந்தால் மட்டும் அது போவதில்லை. குழாயை எடுத்துவிட்டு வேறொன்று போட வேண்டும். அப்படி மாற்றும்போதெல்லாம் நாளம் தழும்பேறிச் சுருங்கும் ஆபத்து கூடுகிறது. அறுபது வயதுக்காரருக்கும் இது இழப்புத்தான். ஆறு வயதுப் பிள்ளைக்கோ, வருங்காலத்தில் பல பத்தாண்டுகளுக்குத் தேவைப்படும் நாளம் அது.

இலங்கையின் திருகோணமலை மாவட்டத்தில் சிறுநீரக நோய் என்றதும் பதவி சிறிபுர விவசாயிகளே நினைவுக்கு வருவார்கள். 1990களில் கவனத்துக்கு வந்த, காரணம் துலங்காத அந்த நோய் பெரும்பாலும் பெரியவர்களைத் தாக்குவது. குழந்தைகளின் சிறுநீரகம் செயலிழப்பதற்குப் பிறவிக் குறைபாடுகளே முக்கிய காரணம். உட்துறைமுகத்தை ஒட்டிய ஓர்ஸ் ஹில், அதாவது உவர்மலை போன்ற இடத்தில் வளரும் பிள்ளைக்குக் கழுத்தில் கதீற்றர் இருந்தால் கடற்குளிப்பு கூடாது. வியர்வையில் நனைந்த மருந்துக்கட்டை உடனே மாற்ற வேண்டும். பெரிய வைத்தியசாலைகள் உள்ள கொழும்பு சுமார் 260 கிலோமீற்றர் தொலைவில் இருப்பதால், காய்ச்சல் கண்ட உடனேயே அருகிலுள்ள வைத்தியசாலைக்குப் போவது உயிர்காக்கும் முடிவு.

தொற்றைக் குறைத்ததில் குழாயின் வடிவத்தைவிடக் கைகளின் ஒழுங்குக்கே பெரும்பங்கு உண்டு. 2003-இல் மிச்சிகனின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பீற்றர் புரோனோவோஸ்ற் குழு கைகழுவல், குளோர்ஹெக்ஸிடின் கிருமிநாசினிப் பூச்சு, தேவையற்ற குழாயை அகற்றுதல் முதலியவற்றை ஒரு பட்டியலாக்கி நடைமுறைப்படுத்தியது; குழாய்த் தொற்று பெருமளவு சரிந்தது. அதே வழியில் 2011-இல் அமெரிக்கக் குழந்தைகள் வைத்தியசாலைகள் ஒன்றுகூடித் தொடங்கிய முயற்சி, பின்னர் இரத்தச் சுத்திகரிப்புக் கதீற்றருக்கும் விரிந்தது. தாதியர் மூடியைத் தேய்த்துத் துடைக்கும் முறை, தாதியும் பிள்ளையும் முகக்கவசம் அணிவது, வீட்டாருக்குப் பயிற்சி ஆகியவை அதன் உள்ளடக்கம். இலங்கையில் 1985-இல் தொடங்கிய சிறுநீரக மாற்றுச் சிகிச்சை பின்னர் கண்டியில் குழந்தைகளுக்கும் கிடைத்தது. மாற்றுச் சிறுநீரகம் பெற்று அது சீராக இயங்கத் தொடங்கிய பின்னர் கதீற்றரை எடுத்துவிட முடிகிறது.