மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்

யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில் ஒரு பரப்பு நிலத்தை விற்பதென்பது, விற்பவனும் வாங்குபவனும் நொத்தாரிசு முன் அமர்ந்து உறுதி முடிப்பதோடு தீர்ந்துவிடும் காரியமாக இருந்ததில்லை. கடலேரியின் வடகரையில் வேலியோடு வேலி நெருங்கிக் கிடக்கும் அவ்வூர்க் காணிகள், குடாநாட்டின் பிற காணிகளைப் போலவே முதுசமாகவும் சீதனமாகவும் தலைமுறைதோறும் பங்கிடப்பட்டு வந்தவையாதலால், ஒருவன் விற்கும் துண்டோடு அவன் சகோதரனுடைய கிணற்றுப் பங்கும், அயலவனுடைய வழிவாய்க்காலும், ஒற்றிக்குப் பணம் கொடுத்தவனுடைய உரிமையும் பின்னிக் கிடந்தன. ஒரு கையொப்பம் விழுந்தால் அதன் பின்னே தாமாகவே நிகழத் தொடங்கும் காரியங்கள் பல. அவற்றுள் எதையும் கையொப்பமிட்டவன் பிறகு நினைத்தாலும் நிறுத்த இயலாது.

இவ்விஷயத்தில் நம் முன்னோர் வகுத்திருந்த காவல் எத்தகையது என்பதை, யாழ்ப்பாணத்து வழக்கங்களின் தொகுப்பாகிய தேசவழமை நூலின் விற்பனைப் பகுதியிற் காணலாம். ஒல்லாந்தத் தேசாதிபதி சைமன்ஸின் கட்டளைப்படி, இந்நாட்டு மக்களிடையே முப்பத்தேழு ஆண்டுகள் வாழ்ந்த திசாவை கிளாஸ் ஈசாக்ஸ் அவ்வழக்கங்களைத் திரட்டி, 1707 ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் ஒப்புவித்தார். அது தமிழில் பெயர்க்கப்பட்டுப் பன்னிரண்டு முதலியார்களின் பரிசோதனைக்கு விடப்பட்டு, அவர்களுடைய அங்கீகாரத்தையும் பெற்றது. அந்நூல் கூறும் பழைய வழக்கின்படி, நிலத்தை விற்க விரும்புகிறவன் தன் உரித்தாளிகளுக்கும் பங்காளிகளுக்கும், அயற்காணியை உடையவராய் அந்நிலத்தை ஒற்றியாகவும் பிடித்திருப்பவர்களுக்கும் முன்னறிவித்தல் கொடுத்தாக வேண்டும். அறிவித்தபின் காத்திருக்கும் அவகாசம் எல்லார்க்கும் ஒன்றாக இருக்கவில்லை. அவ்வூரிலேயே இருப்பவனுக்கு ஒரு மாதம். அதே மாகாணத்தில் வேறூரில் இருப்பவனுக்கு இரண்டு மாதம். வேறு மாகாணத்தில் இருப்பவனுக்கு மூன்று மாதம். பிறதேசம் சென்றவனுக்கு ஓராண்டு. அதற்குள் அவன் ஒன்றும் செய்யாதிருந்தால் மட்டுமே விற்பனை செல்லும்.

விற்பவனுடைய அவசரத்தையோ, வாங்குபவனுடைய பணப்பையையோ பொருட்படுத்தாமல், நட்டமடையக்கூடியவன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்பதைக் கொண்டு காலத்தை அளந்த இந்த விதியை, நான் அறிந்த சட்ட விதிகளுள் மிகவும் நாகரிகமானவற்றுள் ஒன்றாகவே மதிக்கிறேன்.

ஒல்லாந்தர் இதனை மாற்றினர். கொம்மாந்தர் புளூமும் தேசாதிபதி சைமன்ஸும் இட்ட கட்டளைகளின் விளைவாக, 1704 முதல், விற்க எண்ணுகிறவனுடைய கருத்து அவன் சேர்ந்த கோவிற்பற்றின் தேவாலயத்தில் அடுத்தடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகளிற் பிரசித்தம் செய்யப்பட வேண்டுமென்றும், உரிமை கோருவோர் அதற்குள் முன்வந்து தம் வழக்கைச் சொல்ல வேண்டுமென்றும் ஆயிற்று. வீட்டிலே விபூதி பூசிக்கொண்டு பதிவேட்டிலே கிறிஸ்தவர்களாக வாழ்ந்த சைவக் குடிகள், தம் பாட்டன் காணி கைமாறப்போகும் செய்தியைத் தேவாலயத்தில் நின்று கேட்க நேர்ந்தது அக்காலத்து விநோதங்களுள் ஒன்று. ஈசாக்ஸின் நூல் இம்மாற்றத்தை நல்ல கட்டளை என்றே குறிப்பிடுகிறது. நிர்வாகத்துக்கு அது நல்லதுதான். எண்ணுவதும் எழுதி வைப்பதும் எளிது. ஆயினும் சோழமண்டலக் கரைக்கு வியாபாரத்தின் பொருட்டுச் சென்ற பங்காளி, முன்பு ஓராண்டு அவகாசம் பெற்றிருந்தவன், இப்பொழுது மூன்றாம் ஞாயிறு கழியுமுன் திரும்பி வந்தாலொழிய வாய் திறக்க வழியில்லாதவனானான்.

ஒற்றி விஷயத்தில் வழமை வேறு நிதானத்தைக் காட்டியது. ஒற்றி மீட்கத்தக்கது, ஆகையால் அதைத் தொடங்குவதற்கு இத்தனை தடை இல்லை. மீட்பதற்கோ பருவம் பார்க்க வேண்டும். விளைவை எடுக்குமுன் நிலத்தைப் பிடுங்கிக்கொள்ள உடையவனுக்கும் உரிமையில்லை.

இக்காலத்தில் கணினித் துறையினர் முகவர் என்று பெயரிட்டழைக்கும் செயற்கை நுண்ணறிவு நிரல்களுக்கு எல்லை வகுப்பது பற்றிய விவாதங்களைப் படிக்குந்தோறும் இவ்வழமை என் நினைவுக்கு வருகிறது. ஒரு வாக்கியத்தில் ஏவல் பெற்ற மாத்திரத்தில் கடிதம் அனுப்பிப் பணம் செலுத்திப் பதிவேட்டைத் திருத்தி, அத்திருத்தத்தாற் கிளம்பும் வேறு மென்பொருட் காரியங்களையும் ஓடவிடவல்ல அந்நிரலுக்கு, பெரும்பாலோர் இடும் காவல், நடுவில் ஒரு சம்மதப் பொத்தானை நிறுத்துவதே. அது மூன்று ஞாயிற்றுக்கிழமைகளின் இனத்தைச் சேர்ந்தது: மீட்கக்கூடிய காரியத்துக்கும் மீட்கவொண்ணாத காரியத்துக்கும் அதே பொத்தான். சம்மதம் கேட்கப்படுவதும் ஏவியவனிடமே. நட்டப்படப்போகிறவன், மூன்றாம் ஞாயிற்றில் அக்கரையில் இருந்த பங்காளியைப் போல, எங்கேயோ இருக்கிறான்.

வழமையின் கதைக்குத் திரும்புவோம். ஆங்கிலேயர் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரமாணத்தால் தேசவழமையை நிலைநிறுத்தினர். பின்னர் மலாயாவின் ரயில்வேக் கந்தோர்களுக்கும் தோட்டங்களுக்கும் யாழ்ப்பாணத்து இளைஞர் கப்பலேறிய காலத்தில், பிறதேசம் சென்ற பங்காளி வீட்டுக்கு வீடு இருந்தான். 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கச் சட்டமோ முன்வாங்கும் உரிமையைப் பங்காளிக்கும் உரித்தாளிக்கும் மட்டுமாக ஒடுக்கியது. ஒற்றி பிடித்த அயலவன் அதனின்றும் நீங்கினான்.

அக்கரையில் இருந்தவர்கள் கைக்கொண்ட உபாயம், தமக்காகச் செயற்படும் அதிகாரத்தை ஊரில் உள்ள ஒருவனுக்கு எழுதிக் கொடுக்கும் அற்றோணித் தத்துவம். அதைப் பொதுவாக எழுதிக் கொடுத்தால் பெறுபவன் எதையும் செய்யலாம். விவேகிகள் விசேடமாகவே எழுதுவித்தனர். காணியின் பெயர், நாற்புற எல்லை, குத்தகை வாங்கலாம், வழக்காடலாம் என்றெல்லாம் விரித்து எழுதுவித்து, விற்கவும் ஈடுவைக்கவும் அதிகாரமில்லை என்ற வரியையும் அவர்கள் சேர்க்கச் சொல்வதுண்டு. அவ்வரியைத் தன் சொந்தத் தமையனுக்கு எதிராக எழுதச் சொல்வதில் யாழ்ப்பாணத்தான் எக்காலத்தும் கூச்சப்பட்டதில்லை.