அதிசயமும் வியாபாரமும்

ஜி.டி. நாயுடுவை 'விஞ்ஞானி' என்ற ஒற்றைச் சொல்லில் அடைத்துவிடுவது நம்முடைய சோம்பல். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டி ஆரம்பித்தவர் அவர். அதிலிருந்து யூ.எம்.எஸ். என்ற பெரிய கம்பெனி வளர்ந்தது. மேடைகள் ஞாபகம் வைத்திருப்பதோ, பாட்டரியில் ஓடிய அவருடைய ரேஸரை. பஸ் முதலாளி மறைந்து 'அதிசய மனிதர்' மட்டும் மிஞ்சிவிட்டார்.

இதை எனக்கு உறுத்தச் செய்தது வேறொரு கதை. 1976-ல் ஸ்டீவ் வாஸ்னியாக் ஒரு சிறு கம்ப்யூட்டரை வடிவமைத்தார். தான் வேலை பார்த்த ஹியூலட்-பாக்கார்டிடம் கொடுக்க முன்வந்தார், வேண்டாம் என்றார்கள். ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப்பில் கூடியவர்களுக்கு சர்க்யூட் படத்தை இலவசமாகவே வினியோகித்தார். (சிறுபத்திரிகைக்காரர்களுக்கு இந்த மனோபாவத்தை விளக்க வேண்டியதில்லை.) விற்கலாம் என்றவர் நண்பர் ஸ்டீவ் ஜாப்ஸ். பால் டெரல் என்ற கடைக்காரர், பாகங்கள் பொருத்தி முடித்த 50 பலகைகள் கேட்டார், தலா 500 டாலருக்கு. கையில் முதல் இல்லை. அந்த ஆர்டரைக் காட்டி, ஜாப்ஸ் 30 நாள் கடனில் உதிரிபாகங்கள் எடுத்தார். திருப்பூரில் பனியன் கம்பெனிக் கணக்கு எழுதிய எனக்கு இந்த இடம் அன்னியமாகப் படவில்லை. ஆர்டரைச் சொல்லி நூலைக் கடனுக்கு எடுத்து, சரக்குப் போன பிறகு நூல்காரருக்குத் தீர்ப்பதுதான் இங்கே பலருடைய ஆரம்பம்.

ஆகவே ஒருவருக்கு மூளை, மற்றவருக்குத் தொலைநோக்கு என்று பாகம் பிரிப்பார்கள். நான் ஒப்பவில்லை. 1977-ல் வந்த ஆப்பிள்-2ல் கூடுதல் அட்டைகள் செருக 2 இடம் போதும் என்றவர் ஜாப்ஸ். 8 வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் வாஸ்னியாக். அவற்றில் ஒன்றில்தான் 1978-ல் அவருடைய டிஸ்க் அட்டை போய் உட்கார்ந்தது. 1979-ல் விசிகால்க் என்ற கணக்குப் புரோகிராம் டிஸ்க்கில் வந்தபோது, அதற்காகவே பலர் மெஷினை வாங்கினார்கள். இதில் வியாபாரப் பார்வை யாருடையது?

நாயுடுவிடம் திரும்பினால், 1937-ல் அவரும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து செய்த மோட்டார்தான் இந்தியாவின் முதல் மின்மோட்டார் என்கிறார்கள். அதை யாரும் வியப்பதில்லை. மோட்டாரும் பம்பும் கோவையின் ஊர்த்தொழிலாகி, கிணற்றுக்குக் கிணறு ஓடுகின்றன. ரேஸரைப் பார்க்கத்தான் மியூசியத்துக்குப் போக வேண்டியிருக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு பிட்டர் இருந்தார். நிட்டிங் மிஷினில் ஊசி உடைந்தால், துணி முழுக்க ஓட்டை விழுமுன் மிஷினை நிறுத்த ஒரு சின்ன ஏற்பாடு செய்திருந்தார். கேட்டவர்களுக்கெல்லாம் மாட்டிக் கொடுத்தார். கூலி மட்டும் வாங்குவார். விலை வைத்து விற்கலாமே என்றேன். "ஆறு கம்பெனீல ஓடுதுங்களே, போதாதுங்களா?" என்றார். அவர் இறந்த பிறகு பழுது பார்க்க ஆளில்லாமல், ஒவ்வொரு கம்பெனியாக அதைக் கழற்றிப் போட்டார்கள். படம் எதுவும் அவர் வரைந்து வைத்திருக்கவில்லை.